முனையமும் அதன் முன்னோரும்

பல்கலைக்கழக மாணவன் ஒருவன் யுனிக்ஸ் வழிவந்த கணினியொன்றிலே நெடியதொரு கணிப்பைத் தொடக்கிவிட்டு அதன் முன் அமர்ந்திருக்கின்றான் எனக் கொள்க. கறுப்புச் சாளரம் ஒன்றிலே விடைகள் வரிவரியாக வந்து விழுகின்றன. இரண்டு மணி நேரம் கழிகின்றது. வந்தவரையில் விடைகளைச் சேமித்து வைப்போம் என்ற எண்ணத்துடன், வேறு மென்பொருள்களிற் பழகிய கை வழக்கத்தால், அவன் கொன்றோல் சாவியையும் எஸ் சாவியையும் சேர்த்து அழுத்துகின்றான். அக்கணமே வரிகள் நின்றுவிடுகின்றன. எந்தச் சாவியைத் தட்டினாலும் அசைவில்லை. கணினி செத்துவிட்டது என்று முடிவு செய்து சாளரத்தை மூடிவிடுகின்றான். இரண்டு மணி நேர உழைப்பும் அத்துடன் போய்விடுகின்றது.

உண்மையில் அக்கணினிக்கு யாதொரு கேடும் நேரவில்லை. கொன்றோல் சாவியுடன் கியூ சாவியை ஒரு முறை அழுத்தியிருந்தால் நின்ற வரிகள் மீண்டும் ஓடத் தொடங்கியிருக்கும். அவனுடைய உழைப்பைக் கெடுத்தது அவன் சாளரத்தை மூடிய செயலேயாம். சாளரம் மூடப்பட்டதும் முறைமை அக்கணிப்புக்கு ஓர் அறிகுறியை அனுப்பி அதனை முடித்து வைத்தது. அவ்வறிகுறியின் பெயருக்குப் பொருள் யாதெனின், ‘தொலைபேசியை வைத்துவிட்டார்கள்’ என்பதாம். தொலைபேசியே இல்லாத இடத்திலே தொலைபேசியை வைப்பது எங்ஙனம்? எஸ் என்ற எழுத்து எதனை நிறுத்தியது? இவ்வினாக்களுக்குக் கணினி நூல்களை மாத்திரம் புரட்டி விடை காணல் அரிது. வரலாற்றைப் புரட்டுதல் வேண்டும்.

அம்மாணவன் முன் இருந்த சாளரம் ஓர் இயந்திரம் அன்று. இயந்திரம் ஒன்றைப் போல ஒழுகும் மென்பொருள் அது. முற்காலத்திலே பெரிய கணினிக்கும் மனிதனுக்கும் இடையே கம்பியின் முனையில் இருந்த கருவியை முனையம் என்றனர். அம்முனையங்கள் இன்று பெரும்பாலும் பொருட்காட்சிச் சாலைகளிலே உள்ளன. அவற்றின் இடத்தில் இருந்து அவற்றின் வேலையைச் செய்யும் மென்பொருளைப் போலிமுனையம் எனலாம். போலி என்றவுடன் இழிவாகக் கருதவேண்டுவதில்லை. பந்தல் என்னுமிடத்துப் பந்தர் என வந்து, எழுத்து வேறாயினும் பொருள் வேறுபடாது நிற்பதை இலக்கண நூலார் போலி என்றே வழங்கினர். இங்கேயும் அவ்வாறே. பொருள் மாறாமையால் வரும் நன்மையோடு, பழைய பொருளை விட முடியாமையால் வரும் தொல்லையும் சேர்ந்து வந்தது.

கதையின் வேர் தந்தியிலே உள்ளது. பிரான்சு நாட்டுத் தந்திப் பொறியியலாளர் எமில் போடோ 1874ஆம் ஆண்டிலே ஒவ்வொரு எழுத்தையும் ஐந்து குறிகளால் அனுப்பும் முறைக்கு உரிமம் பெற்றார். நியூசிலாந்திற் பிறந்த டொனால்ட் மறே என்பார் 1901 அளவில் அதனைத் தட்டச்சுப் பொறிக்கு ஏற்றவாறு திருத்தியபோது, அச்சாகும் எழுத்துகளோடு அச்சாகாத கட்டளைகள் இரண்டையும் சேர்த்தார். ஒன்று, அச்சுத் தலை வரியின் தொடக்கத்துக்கு மீளுக என்பது. மற்றது, தாள் ஒரு வரி மேலே நகர்க என்பது. எழுத்துகள் செல்லும் கம்பியிலேயே இயந்திரத்துக்கான ஏவலும் செல்லும் வழக்கத்திலே இவ்விரண்டும் நெடுங்காலம் நிலைத்து நின்றன.

1963ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் அஸ்கி எனப்படும் எழுத்துக் குறிமுறை தரமாக்கப்பட்டது. மொத்தம் 128 இடங்கள். அவற்றுள் 33 அச்சாகாத கட்டளைகளுக்கு ஒதுக்கப்பட்டவை. அதே ஆண்டில் ரெலிரைப் நிறுவனம் தனது 33ஆம் இலக்கப் பொறியை வெளியிட்டது. இன்றைய போலிமுனையங்களின் முப்பாட்டன் இதுவே எனலாம். செக்கனுக்குப் பத்து எழுத்துகளை அச்சடிக்கும். வரிக்கு 72 எழுத்துகள். ஆங்கிலத்திற் பெரிய எழுத்துகள் மாத்திரமே. பக்கத்திலே காகித நாடாவைத் துளைக்கும் கருவியும் அத்துளைகளைப் படிக்கும் கருவியும் பொருத்தப்பட்டிருந்தன. நாடாவிலிருந்து எழுத்துகள் கணினிக்குப் பாயும்போது கணினிக்குத் திணறல் ஏற்பட்டால், ‘நாடாவை நிறுத்து’ என்று ஒரு குறி அனுப்பும். திணறல் நீங்கியதும் ‘நாடாவை ஓட்டு’ என்று இன்னொரு குறி அனுப்பும். அஸ்கி வரிசையிலே நிறுத்தும் குறி கொன்றோலும் எஸ்ஸும் சேர்ந்த இடத்தில் உள்ளது; ஓட்டும் குறி கொன்றோலும் கியூவும் சேர்ந்த இடத்தில் உள்ளது. பிற்காலத்தில் இரு திசைக்கும் இக்குறிகள் வழங்கலாயின. கணினியின் அச்சுப் பெருக்கை மனிதன் நிறுத்திவைக்கவும் அவையே பயன்பட்டன. மேலே கூறிய மாணவன், இல்லாத காகித நாடா ஒன்றை நிறுத்தியவன் ஆயினான். தொலைபேசியின் கதையும் இத்தகையதே. அக்காலத்து முனையங்கள் பல தொலைபேசிக் கம்பி வழியே கணினியுடன் இணைந்தன. இணைப்பு அறுந்தால் அப்பக்கத்தில் ஓடிய வேலையை முடித்து விடுதல் முறையாயிற்று.

பிழை திருத்தும் முறையும் நோக்கத்தக்கது. காகித நாடாவிலே தவறாக விழுந்த துளையை அடைக்க முடியாது. ஆகவே, நாடாவைப் பின்னே தள்ளி, அவ்விடத்தில் ஏழு துளைகளையும் ஒருங்கே இட்டுவிடுவர். எல்லாத் துளைகளும் உள்ள இடத்தைப் படிக்கும் கருவி பொருட்படுத்தாது செல்லும். ஏழு துளைகளும் நிறைந்த குறியின் எண் 127. அழித்தல் என்னும் பெயர் அதற்கு வந்த காரணம் இதுதான். தட்டச்சுத் தலை ஓரிடம் பின்னே செல்லும் கட்டளை வேறு. அதன் எண் 8. பின்னே செல்லுதலும் அழித்தலும் அன்று இரு வேறு தொழில்கள். இவ்விரண்டு எண்களும் பின்னர் விளைத்த கலகத்தை உரிய இடத்திற் காண்போம்.

1969ஆம் ஆண்டிலே நியூ ஜேர்சி மாநிலத்துப் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் என்பார், அதிகம் பயன்படாதிருந்த சிறிய கணினி ஒன்றிலே யுனிக்ஸ் முறைமையின் முதல் வடிவத்தை ஆக்கினார். டெனிஸ் றிச்சி அவருடன் சேர்ந்து உழைத்தார். அவர்கள் கணினியுடன் பேசியது ரெலிரைப் பொறியின் வழியாகத்தான். ஆதலின் அம்முறைமையிலே முனையத்துக்கு ரீ.ரீ.வை. என்னும் பெயர் இடப்பட்டது. ரெலிரைப் என்பதன் சுருக்கம் அது. அரை நூற்றாண்டு கடந்த பின்பும் லினக்ஸ் கணினியிலே ‘இது எந்த முனையம்?’ என்று கேட்க அம்மூன்றெழுத்தையே தட்டவேண்டும். யுனிக்ஸின் கட்டளைகள் பல ஈரெழுத்து மூவெழுத்துச் சொற்களாய் இருப்பதும் அப்பொறியின் மந்த வேகத்தை நினைவூட்டுவதே. செக்கனுக்குப் பத்தெழுத்து அச்சிடும் பொறியின் முன் இருப்பவர் வீண் சொல் விரும்பார்.

தாளில் அச்சானதை அழிக்க முடியாதன்றோ? ஆரம்பகால யுனிக்ஸிலே தவறான எழுத்தின் பின் எண் குறியைத் தட்டினால், முன்னெழுத்து எழுதப்படாததாகக் கொள்ளப்பட்டது. தாளிலே பிழையும் இருக்கும், அதன் பக்கத்தில் எண் குறியும் இருக்கும். படிப்பவர் மனத்தால் நீக்கிப் படிக்கவேண்டும். வரி முழுவதையும் தள்ளுவதற்கு வேறொரு குறி. இன்று வியப்பாகத் தோன்றும் இவ்வேற்பாட்டிலே ஒரு நுட்பம் உண்டு. அழிக்கும் குறி எதுவென்பது சாவிப்பலகையிற் பதிந்ததன்று. முறைமையிடம் சொல்லி மாற்றக்கூடியதாக அது அமைந்தது. எஸ்.ரீ.ரீ.வை. என்ற கட்டளை இப்பணிக்கே உரியது. இற்றைநாளில் இத்துறையில் வரும் தொல்லைகளுட் பாதி அக்கட்டளையால் நீங்குகின்றன.

1970க்குப் பின்னர் தாள் போய்த் திரை வந்தது. முதலில் வந்த திரைகள் சிலவற்றைக் கண்ணாடி ரெலிரைப் என்று கேலியாகவே அழைத்தனர்; வரிகள் மேலே ஓடி மறைந்தன என்பதன்றி அவற்றாற் புதிதாக ஒன்றும் இயலவில்லை. விரைவில் திரையின் எவ்விடத்துக்கும் நிலைகாட்டியை நகர்த்தக்கூடிய முனையங்கள் விற்பனைக்கு வந்தன. ஆயின் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி ஏவல் மொழியை வகுத்துக்கொண்டது. ஒரு முனையத்திலே திரையைத் துடைக்கும் குறி இன்னொன்றிலே பொருளற்ற எழுத்துகளாகச் சிதறிற்று.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் அந்நாளிற் பட்டதாரி மாணவராயிருந்த பில் ஜோய், வீ.ஐ. என்னும் எழுது செய்நிரலை இயற்றியபோது இக்குழப்பத்தை நேரிற் கண்டார். அவர் பயன்படுத்தியது லியர் சீக்லர் நிறுவனம் 1976இல் வெளியிட்ட ஏ.டி.எம்.-3ஏ என்னும் மலிவான முனையம். அதிலே அம்புச் சாவிகள் தனியாக இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு சாவிகளின் மேல் அம்புகள் வரையப்பட்டிருந்தன. அந்நான்கெழுத்தாலே நிலைகாட்டியை நகர்த்தும் வழக்கம் வீ.ஐ. வழியே இன்றைய மாணவர்களையும் வந்தடைந்துள்ளது. அவர்களிற் பெரும்பாலோர் அப்பொறியைப் படத்திலும் பார்த்திலர்.

குழப்பத்துக்கு ஜோய் கண்ட மருந்து எளியது, ஆயினும் ஆழமானது. முனையம் ஒவ்வொன்றின் பெயரையும், அதற்குரிய ஏவற் குறிகளையும் ஓர் அகராதியாகத் தொகுத்தார். 1978 அளவில் உருப்பெற்ற அவ்வகராதி ரேர்ம்காப் எனப்பட்டது. செய்நிரல், ‘திரையைத் துடைப்பது எப்படி?’ என அகராதியைக் கேட்கும். அகராதி விடை சொல்லும். அதன் பின் மேரி ஆன் ஹோட்டன் என்பார் ஆக்கிய ரேர்மின்போ என்னும் திருந்திய அகராதி அவ்விடத்தைப் பெற்றது. இவ்வேற்பாட்டின் உயிர்நிலை ஒன்றே: தான் எந்த முனையம் என்பதை முனையம் உண்மையாகச் சொல்லவேண்டும். ரேர்ம் என்ற பெயருடைய ஓர் இடத்தில் அவ்வுண்மை எழுதப்பட்டிருக்கும்.

இதே 1978ஆம் ஆண்டிலே டிஜிற்றல் எக்குயிப்மென்ற் நிறுவனம் வீ.ரீ. 100 என்னும் முனையத்தை வெளியிட்டது. 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். எண்பது என்னும் அளவு 1928இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட துளை அட்டையின் நிரல்களின் எண்ணிக்கையோடு ஒத்தது. இன்று போலிமுனையச் சாளரம் திறக்கும்போதும் பெரும்பாலும் அதே அளவிலேயே திறக்கின்றது. வீ.ரீ. 100 தன் ஏவல் மொழியைத் தானே புனைந்துகொள்ளாது, அப்போது உருவாகிவந்த பொதுத் தரத்தைப் பின்பற்றிற்று. எஸ்கேப் குறி, அதன் பின் சதுர அடைப்பு, அதன் பின் எண்கள், ஈற்றில் ஓரெழுத்து என்பது அதன் வாய்பாடு. பிறநிறுவனங்கள் அதனைப் பார்த்துச் செய்தன. நாளடைவில் வீ.ரீ. 100இன் பேச்சே பொதுப் பேச்சாயிற்று.

1984இல் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே எக்ஸ் என்னும் சாளர முறைமை தோன்றியது. அவ்வாண்டிலேயே மார்க் வண்டவூர்ட் என்னும் மாணவர் எழுதத் தொடங்கிய போலிமுனையம் எக்ஸ்ரேர்ம் என்ற பெயரில் அதனுடன் சேர்ந்தது. 1996 முதலாகத் தோமஸ் டிக்கி அதனைப் பேணி வருகின்றார். கம்பியின் ஒரு முனையிற் பொறி இருந்த இடத்தில், முறைமையின் கருவுக்குள்ளேயே இருமுனைகள் கொண்ட கற்பனைக் கம்பி ஒன்று அமைக்கப்பட்டது. 1983இல் வெளிவந்த பேர்க்கிலி யுனிக்ஸில் அவ்வசதி இருந்தது. ஒரு முனையிலே போலிமுனையம் இருக்கும். மறுமுனையில் உள்ள செய்நிரல், தான் உண்மைப் பொறியுடனேயே பேசுவதாக எண்ணிக்கொள்ளும். லினக்ஸின் பிறப்பும் இதனோடு தொடர்புடையது. 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ், பல்கலைக்கழகக் கணினியுடன் வீட்டிலிருந்து பேசுவதற்காகத் தாமே ஒரு போலிமுனையத்தை எழுதினார். அது வளர்ந்து வளர்ந்து ஒரு முறைமையின் கருவாயிற்று.

இவ்வளவும் அறிந்தபின், இன்று பயில்வோரை வருத்தும் பிழைகளைப் பார்த்தால் அவை புதியன அல்ல என்பது விளங்கும். பின்னழிப்புச் சாவியைத் தட்டினால் எழுத்து அழியாமல், கூரைக் குறியும் எச் எழுத்துமோ, கூரைக் குறியும் வினாக் குறியுமோ திரையில் விழுகின்றதெனச் சிலர் முறையிடுவர். சாவி பழுதுபட்டதன்று. சாளரம் 8 என்ற எண்ணை அனுப்ப, முறைமை 127 என்ற எண்ணை எதிர்பார்த்திருக்கின்றது. அல்லது மறுதலையாக நிகழ்கின்றது. எக்ஸ்ரேர்ம் இயல்பாக 8ஐ அனுப்பிற்று. லினக்ஸின் சொந்தத் திரை 127ஐ அனுப்பிற்று. கொன்றோலும் எச்சும் சேர்ந்தால் உதவிப் பக்கத்தைத் திறக்கும் ஈமாக்ஸ் என்னும் செய்நிரலை விரும்புவோர், எழுத்தை அழிக்க முயன்று உதவிப் பக்கத்திற்போய் விழுந்தனர். டெபியன் தொகுப்பினர் தம் விதிநூலிலே பின்னழிப்புச் சாவி 127ஐயே அனுப்புக என்று தீர்ப்பெழுதினர். பிணக்கு எங்கேனும் எஞ்சியிருந்தால், எஸ்.ரீ.ரீ.வை. கட்டளையோடு அழித்தல் என்று பொருள்படும் இறேஸ் என்ற சொல்லை எழுதி, ஓர் இடம் விட்டு, அந்தச் சாவியையே ஒரு முறை தட்டுதல் போதும். எது வந்தாலும் அதனையே அழிக்கும் குறியாக முறைமை ஏற்றுக்கொள்ளும்.

வேறொரு பிழை: எழுத்தல்லாத கோப்பொன்றைத் தவறுதலாகத் திரையிற் கொட்டியவுடன் பின் வரும் ஆங்கிலச் சிற்றெழுத்துகள் யாவும் கோடுகளாகவும் மூலைகளாகவும் மாறிவிடுதல். அக்கோப்பினுள் 14 என்ற எண் எங்கோ இருந்திருக்கின்றது. ‘வேறு எழுத்துத் தொகுதிக்கு மாறுக’ என்று பழைய பொறிகளுக்கு ஆணையிடும் குறி அது. 15 என்ற குறி பழைய தொகுதிக்குத் திருப்பும். கண்ணுக்குத் தெரியாவிடினும் றீசெற் என்ற கட்டளையைத் தட்டினால் திரை தெளியும். செய்நிரல் ஒன்று இடைநடுவில் இறந்துபோனால் வரிகள் படிக்கட்டுப் போலச் சரிந்து செல்வதுமுண்டு. தலை மீளுக, தாள் நகர்க என்னும் மறேயின் இரு கட்டளைகளை யுனிக்ஸ் ஒன்றாக்கிக் கொண்டது. தாள் நகரும் குறியை மாத்திரம் கோப்பில் எழுதி, தலை மீளும் குறியைத் திரைக்குச் செல்லும் வழியிற் சேர்ப்பது அதன் வழக்கம். சேர்ப்பவர் இல்லாதபோது படிக்கட்டுத் தோன்றுகின்றது. அந்நிலையில் உள்ளீட்டுச் சாவியும் வேலை செய்யாதிருக்கக்கூடும். அதற்குப் பதிலாகக் கொன்றோலையும் ஜேயையும் அழுத்தினால், தாள் நகரும் குறி நேரே சென்று சேரும். முன்னும் பின்னும் அதனை இட்டு நடுவே றீசெற் எனத் தட்டுவது அனுபவசாலிகளின் கைமருந்து. எஸ்ஸினால் உறையும் தொல்லையை அறவே விரும்பாதார், எஸ்.ரீ.ரீ.வை. கட்டளையால் அவ்வழக்கத்தை நிறுத்திவைக்கலாம்.

ரேர்ம் பற்றிய தவறு மாத்திரம் மனிதரே வலிந்து தேடிக்கொள்வது. புதிய போலிமுனையத்திலிருந்து பழைய சேவையகத்துள் நுழைந்தால், ‘இம்முனையத்தை அறியேன்’ என்று அது மறுக்கும். அதன் அகராதியில் அப்பெயர் இல்லை. உடனே பலர், தம் தொடக்கக் கோப்பிலேயே ஏதோ ஒரு பெயரை நிலையாக எழுதிவிடுவர். பெயரைப் பொய்யாகச் சொன்ன முனையத்துக்குப் பொய்யான ஏவல்களே வரும். நிறம் கெடும், அம்புச் சாவிகள் எழுத்துகளைக் கக்கும். அகராதியின் அப்பக்கத்தைச் சேவையகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே நேரிய வழி. அதற்கு இயலாதவிடத்து, பெரும்பாலான சேவையகங்கள் அறிந்த எக்ஸ்ரேர்ம் இனத்துப் பெயரொன்றை அந்த ஒரு வேளைக்கு மட்டும் கொடுக்கலாம்.

தமிழுக்கு வந்தாற் கதை வேறாகின்றது. 1992இல் கென் தொம்சனும் றொப் பைக்கும் வகுத்த யூ.ரீ.எவ்.-8 முறையினால் உலக எழுத்துகள் யாவும் முனையத்தின் கம்பியிற் செல்ல வழி பிறந்தது. எழுத்து செல்லலாம், அமர்வதற்கோ பழைய கட்டம் மாத்திரமே உண்டு. ஓரெழுத்துக்கு ஓர் அறை என்பது ரெலிரைப் காலத்துச் சட்டம். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தபோது இச்சட்டத்தோடுதான் மல்லாடினார். குறியை அச்சிட்டும் வண்டியை நகர்த்தாத நகரா விசைகளைக் கொண்டு அவர் அதனைத் தீர்த்தார். போலிமுனையங்களும் புள்ளி முதலிய சில குறிகளுக்கு அகலம் பூச்சியம் என்று வைத்துக்கொள்கின்றன. நகரா விசையின் வேலைதான் அது. ஆயின் தட்டச்சுப் பொறியில் ஒற்றைக்கொம்பை முதலில் அடித்து, மெய்யைப் பின்னர் அடிப்பர். யுனிகோட் முறையில் ஒலியின் ஒழுங்கே ஒழுங்கு. ககரம் முன், கொம்பு பின். எளிய போலிமுனையம் அவற்றை வந்த வரிசையிலே அறைக்கு ஒன்றாக வைத்துவிட, கெ என்னும் எழுத்திற் கொம்பு பின்னால் நிற்கின்றது. கொ என்பதோ இன்னும் மோசமாக உடைகின்றது. எம்.எல்.ரேர்ம் போன்ற சில முனையங்கள் இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோத்துக் காட்ட முயல்கின்றன.

இவ்வாறு உடைந்த எழுத்துகளைக் காணும் ஒருவர், கோப்பே கெட்டுவிட்டதென்று கருதி, கொம்பை ககரத்தின் முன்னே தூக்கி வைத்துத் திருத்த முற்படலாகாது. கோப்பு நலமாகவே உள்ளது. அதனை வேறொரு சாளரத்தில், எழுத்தைக் கோத்துக் காட்டும் மென்பொருளிலே திறந்து பார்த்தால் அது தெரியும். திரையிலே சரியாகத் தோன்றும்வரை திருத்தப்பட்ட கோப்புத்தான், அம்முனையத்தை விட்டு வெளியே சென்றதும் எங்கும் பிழையாகத் தோன்றும். தேடினாலும் அச்சொல் அகப்படாது.